தாவீதின் வலது கால்

புதிதாகக் குருப்பட்டம் பெற்றிருக்கும் தோழர்களுக்கு,

உங்கள் தியான முகாமின் அழைப்பிதழில் ஒரு படம் இருக்கிறது. வெள்ளை அங்கி அணிந்த முதியவர் ஒருவர் சிமெண்டுத் தரையில் மண்டியிட்டு, பிளாஸ்டிக் நாற்காலியில் அமர்ந்திருக்கும் ஒரு மலைக் குடியானவரின் பாதத்தைத் துண்டால் ஒற்றுகிறார். அதன் கீழே தாழ்மையைப் பற்றி ஒரு வாசகம் அச்சிட்டிருக்கிறார்கள். அந்த முதியவர் நான்தான். படத்தை எடுத்துவிடும்படி அலுவலகத்துக்கு எழுதினேன். அதை என் அடக்கமாக எடுத்துக்கொண்டு, அடுத்த பதிப்பில் படத்தைப் பெரிதாக்கிவிட்டார்கள்.

பணி அனுபவங்களை உங்களுக்கு எழுதித் தரும்படி என்னைக் கேட்டிருக்கிறார்கள். எழுதத்தக்கவை பல உண்டு. ஆனால் அந்தப் படம் உங்கள் கையில் இருக்கும்வரை வேறெதை எழுதுவதும் நேர்மையாகாது. எனவே அந்தப் பாதத்தைப் பற்றி மட்டும் எழுதுகிறேன். இறுதியில் ஒரு பாடம் கிடைக்கும் என்று எதிர்பார்க்க வேண்டாம். ஓராண்டாகத் தேடியும் எனக்கே அது ஒழுங்காகக் கிடைக்கவில்லை.

நான் இறையியல் கல்லூரியில் கிரேக்க இலக்கணம் கற்பித்தவன். பணிக்காலத்தின் பெரும்பகுதி கரும்பலகைக்கு முன்னால் கழிந்தது. ஓய்வுக்கு ஐந்தாண்டுகள் இருக்கையில், ஒரு கிராமச் சேகரத்தில் ஆயராக இருந்து பணியை முடிக்க விரும்புகிறேன் என்று விண்ணப்பித்தேன். கள்ளக்குறிச்சியைத் தந்தார்கள். நண்பர்கள் அதைத் தியாகம் என்றார்கள். நான் மறுத்தேன், கேட்பவர்கள் மறுபடியும் சொல்லத் தோன்றும் விதத்தில் மறுத்தேன் என்பதை இப்போது ஒப்புக்கொள்கிறேன். என் மனைவி மட்டும், புத்தகங்களை அட்டைப்பெட்டிகளில் அடுக்கிக்கொண்டே ஒரு கேள்வி கேட்டார்.

“உங்களக் கூப்பிட்டது நெசமாவே கேட்டுச்சா? இல்ல, பாடம் நடத்தி அலுத்துப்போச்சா?”

நான் சிரித்தேன். பதில் தெரியாததால்தான் சிரித்தேன்.

அவர் அரசு மருத்துவமனையில் செவிலியராக இருந்து ஓய்வு பெற்றவர். கள்ளக்குறிச்சிச் சேகரத்தில் சமவெளிச் சபைகளோடு, கல்வராயன் மலையில் கரியாலூருக்கு அப்பால் ஒரு சிற்றாலயமும் சேர்த்தி. மாதத்தின் முதல் சனிக்கிழமை நாங்கள் இருவரும் மேலே போவோம். நான் உள்ளே ஆராதனை நடத்துவேன். பின் சபைக்குழுவைக் கூட்டுவேன். அவர் வெளியே, பலா மர நிழலில் ஒரு முக்காலியைப் போட்டுக்கொண்டு, நீலநிறப் பிளாஸ்டிக் தொட்டியில் வெந்நீர் ஊற்றி, வருகிறவர்களின் கால்களைப் பார்ப்பார். சரளைக் கல்லிலும் முள்ளிலும் வெறுங்காலோடு நடக்கிறவர்கள். சிலருக்குச் சர்க்கரை நோய். குத்தினாலும் வலி தெரியாது. கழுவி, நகம் வெட்டி, வெடிப்புக்கு மருந்து தடவி, புண் இருந்தால் கட்டுப் போட்டு அனுப்புவார். மூக்குக் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, பாதத்தை முகத்துக்கு அருகே கொண்டுபோய்ப் பார்ப்பது அவர் வழக்கம். ஆராதனை முடிந்ததும் என்னிடம் ஜெபம் கேட்டு நிற்கும் வரிசையைவிட அந்த வரிசை எப்போதும் நீளம். அதை நான் கவனித்தேன். கவனித்ததில் எனக்குப் பெரிய மகிழ்ச்சி இல்லை. அது அவருடைய பொழுதுபோக்கு என்றே சபைக்குழுவில் ஒருமுறை சொல்லியிருக்கிறேன்.

அவர் கார்த்திகை மாதத்தில் காலமானார். பதினொரு நாள் நோய். கர்த்தருக்குள் நித்திரையடைந்தார் என்று பிறருக்காக எத்தனையோ முறை சபைப் பதிவேட்டில் எழுதிய கை, அவர் பெயருக்கு எதிரே காலமானார் என்று மட்டும் எழுதியது.

அதன் பிறகும் ஒரு மாதம்கூடத் தவறாமல் மலைக்குப் போனேன். நான் விடாமல் போவதை எல்லோரும் பாராட்டினார்கள். பலா மரத்தடியில் யாரும் இல்லை. அது எனக்கு அவர் இல்லாததாக மட்டுமே தெரிந்தது. அங்கே பார்க்கப்படாமல் போகும் கால்கள் இருக்கின்றன என்று ஒருமுறைகூடத் தோன்றவில்லை. துக்கம் மனிதனைக் கனிவாக்கும் என்று நான் பிரசங்கித்ததுண்டு. என்னை அது பார்வையற்றவனாக்கியது.

பெரிய வியாழன் வந்தது. ஆண்டவர் தம் சீடரின் கால்களைக் கழுவியதை நினைவுகூர்ந்து, சபையில் பன்னிரண்டு பேரின் பாதங்களை ஆயர் கழுவுவது நம் வழக்கம். மலையில் நான் அதை நடத்துவது அதுவே முதல் முறை; பிற்பகல் மூன்று மணிக்கு வைத்துக்கொண்டோம். மாலை ஆறரைக்குக் கள்ளக்குறிச்சியில் திருவிருந்து ஆராதனை. அதற்குள் நான் இறங்கியாக வேண்டும்.

சிற்றாலயத்தின் செயலாளர் ஞானமுத்து, பணி ஓய்வு பெற்ற தலைமையாசிரியர். எதையும் முன்கூட்டிச் செய்து வைக்கிறவர். நான் அங்கி மாட்டிக்கொண்டிருந்தபோது வந்து, நிறைவோடு சொன்னார்:

“பன்னெண்டு பேரும் கொழாயாண்ட போயி சோப்பு போட்டுக் கழுவிக்கினு வந்துட்டாங்க ஐயா. உங்க கையில ஒரு அழுக்கு ஒட்டாது.”

வெளியே எட்டிப் பார்த்தேன். பன்னிரண்டு நாற்காலிகளில் பன்னிரண்டு பேர் ஈரக் கால்களோடு அமர்ந்திருந்தார்கள். ஒருவர் பவுடர்கூடப் போட்டிருந்தார். கழுவிய காலைக் கழுவுவதில் என்ன பொருள் இருக்கிறது என்று நான் சற்றுக் கடிந்துகொண்டேன். ஞானமுத்துவுக்கு முகம் சுருங்கியது. பத்து வருடமாக இப்படித்தானாம். எனக்கு முன்பிருந்த ஆயர் யாரும் குறை சொன்னதில்லையாம்.

அந்த நேரத்தில்தான் தாவீது உள்ளே வந்தார். ஐம்பத்தைந்து வயதிருக்கும். சாமையும் மரவள்ளியும் பயிரிடுகிறவர். பருவத்தில் கடுக்காய் பொறுக்கி மூட்டை சுமப்பார். ஆராதனைக்கு ஒழுங்காக வருகிறவர் அல்ல. வந்தாலும் கடைசி வரிசை. அன்று நேராக முன்னால் வந்து, ஐந்தாம் நாற்காலியில் இருந்தவரை எழுப்பிவிட்டு அமர்ந்துகொண்டார். வலது காலில் அழுக்கு வேட்டித் துணி சுற்றியிருந்தது.

ஞானமுத்து பாய்ந்து போனார். “யோவ் தாவீது, உன்ன யாரு இங்க குந்தச் சொன்னது? கால பாரு. போயிக் கழுவிக்கினு வாய்யா.”

“கழுவத்தான சாரு ஐயாவே வந்துகிறாரு” என்றார் தாவீது.

சபை சிரித்தது. நானும் சிரித்தேன். சிரித்ததோடு நில்லாமல் மகிழ்ந்தேன். நான் தேடிய கழுவப்படாத கால் இதோ தானாக வந்திருக்கிறது என்று எண்ணினேன். அவர் இருக்கட்டும் என்று ஞானமுத்துவுக்குச் சைகை காட்டினேன். அன்றைய பிரசங்கத்தில் நான் எழுதி வைத்திருந்த மூன்றாம் பகுதிக்கு அவர் மிகவும் பொருந்தினார்.

நான்கு பேரை முடித்து ஐந்தாம் நாற்காலிக்கு வந்தேன். துணியை அவிழ்த்ததும் நாற்றம் எழுந்தது. கட்டைவிரலுக்குக் கீழே ஒரு ரூபாய் நாணயம் அளவுக்குக் குழி. அதன் விளிம்பு வெளுத்து, நடுவில் கறுத்திருந்தது. அடுத்த விரல் வீங்கி நீலம் பாரித்திருந்தது. நான் நிமிர்ந்து அவர் முகத்தைப் பார்த்தேன்.

“வலிக்கலீங்க” என்றார்.

அவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். ஏதோ ஒன்றை எதிர்பார்க்கும் பார்வை. அதை நான் பக்தி என்று எடுத்துக்கொண்டேன். தண்ணீர் ஊற்றினேன். துண்டால் ஒற்றினேன். யாரோ ஒருவருடைய கைபேசியில் படம் எடுக்கும் ஒலி கேட்டது. ஆறாம் நாற்காலிக்கு நகர்ந்தேன்.

நீங்கள் பார்க்கும் படம் அந்தக் கணத்தில் எடுத்தது. துண்டு புண்ணை மறைத்திருப்பதால் உங்களுக்கு அது தெரிவதில்லை. எனக்குத் தெரிந்தது.

ஏன் நகர்ந்தேன் என்று என்னைப் பலமுறை கேட்டுக்கொண்டிருக்கிறேன். ஒரு விடை உடனே வரும். நான் பயிற்சி ஆயராக இருந்தபோது எனக்கு மேலிருந்த மூத்தவர் ஒருவர் ஒரே ஒரு சட்டத்தைத்தான் கற்பித்தார்: தொடங்கிய ஆராதனையை எதற்காகவும் நிறுத்தாதே. ஒரு சூறைக்காற்றில் ஆலயத்தின் கூரைத் தகடு பிய்ந்து பறந்தபோது, அவர் குரலை உயர்த்தாமல் மன்றாட்டைத் தொடர்ந்தார். அந்த ஆலயத்துக்கு ஒரே வாசல். ஜனங்கள் அந்தக் குரலைப் பிடித்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருந்தார்கள், ஒருவரும் நசுங்கவில்லை. அந்தச் சட்டம் அன்று உயிர்களைக் காத்ததை என் கண்ணால் கண்டேன். ஆகவே அதைச் சந்தேகிக்கக் காரணம் இருக்கவில்லை. ஆனால் இது முழு விடையா என்று கேட்டால், இல்லை என்றே படுகிறது. அந்தப் பாதத்தை என் மனைவி இருந்திருந்தால் எப்படிப் பார்த்திருப்பார் என்று எனக்கு அந்த நொடியிலேயே தெரிந்தது. அதைத் தெரிந்துகொள்ள விருப்பமில்லாமல் நகர்ந்தேன் என்பதும் ஒரு விடையாக இருக்கலாம்.

ஆராதனை முடிந்ததும் அவரைத் தேடினேன். போய்விட்டார் என்றார்கள். மணி நாலரை. ஜீப்பில் ஏறினேன்.

மலைப்பாதையின் வளைவுகளில் இறங்கும்போது ஓட்டுநர் மூக்கைத் தேய்த்துக்கொண்டு, வண்டிக்குள் ஏதோ செத்த வாடை அடிக்கிறதே என்றார். என் பைக்குள் அந்தத் துண்டு இருந்தது. விரித்துப் பார்த்தேன். சீழும் கறுப்பும் படிந்திருந்தன. பல்லாண்டுகள் ஒரு செவிலியரோடு ஒரே வீட்டில் வாழ்ந்தவனுக்கு அது என்ன என்று புரியாமல் இருக்க நியாயமில்லை. வண்டியைத் திருப்பச் சொல்லியிருக்கலாம். ஆறரை மணி ஆராதனை என்று மனம் சொன்னது. கச்சிராயபாளையம் நெருங்கிச் சிக்னல் கிடைத்ததும் ஞானமுத்துவுக்குப் போன் செய்தேன்.

அவர் வியப்படையவில்லை. பொங்கலிலிருந்தே அந்தப் புண் இருக்கிறதாம். சொன்னால் கேட்கிற ஆள் இல்லையாம். நாளை பெரிய வெள்ளி, மூன்று மணிவரை ஒருவரும் ஆலயத்தை விட்டு வரமாட்டார்கள், சனிக்கிழமை தாமே அழைத்து வருவதாகச் சொன்னார். சனிக்கிழமை என்ற சொல் எனக்குப் பெரும் ஆறுதலாக இருந்தது. சரி என்றேன்.

பெரிய வெள்ளியன்று பன்னிரண்டு முதல் மூன்றுவரை கள்ளக்குறிச்சி ஆலயம் நிறைந்திருக்கும். வேலைக்கு வெளியூர் போனவர்களும் சின்னசேலத்தில் ரயில் இறங்கி வந்து சேர்வார்கள். ஆண்டவர் சிலுவையில் சொன்ன ஏழு வார்த்தைகளுக்கு ஏழு பிரசங்கங்கள், இடையிடையே கீர்த்தனைகள். ஆயர் ஒருவரே ஏழையும் செய்வது அங்கே மரபு. மூன்றாம் வார்த்தையில், மரிக்கும் வேளையிலும் ஆண்டவர் தம் தாயை ஒரு சீடரின் வீட்டில் சேர்ப்பிக்க ஏற்பாடு செய்கிறார். உலகத்தின் மீட்பு நடந்துகொண்டிருக்கும் அந்நேரத்திலும் ஒரு விதவைக்கு இருக்க இடம் பார்ப்பதற்கு அவருக்கு நேரம் இருந்தது என்று நான் சொன்னேன். தயாரித்து வைத்த வாக்கியம். சொல்லி முடித்ததும் அது என் காதில் விழுந்தது.

கீர்த்தனை தொடங்கியது. நான் பீடத்திலிருந்து இறங்கி, முன்வரிசையில் இருந்த சபை மூப்பரிடம் குறிப்புத் தாள்களைக் கொடுத்து, மீதி நான்கையும் வாசித்துவிடுங்கள் என்று சொன்னேன். அவர் ஏதோ கேட்டார். நான் பக்கவாட்டு வாசல் வழியாக வெளியேறினேன்.

தோழர்களே, இதைக் கேட்கும் எவரும் இதைக் கீழ்ப்படிதல் என்பார்கள். சொல்லியும் இருக்கிறார்கள். அதனால் இன்னொன்றையும் எழுதியாக வேண்டும். அந்த ஆலயத்தில் பெண்கள் பக்கம் இரண்டாம் வரிசையின் ஓரத்தில் என் மனைவி உட்காருவார். அன்று வெள்ளைப் புடவைகளால் நிறைந்திருந்த அந்த ஆலயத்தில், அந்த ஓர் இடத்தை மரியாதைக்காக விட்டுவைத்திருந்தார்கள். நான் பீடத்தில் நின்றால் அது நேர் எதிரே. இன்னும் நான்கு வார்த்தைகள், ஒன்றரை மணி நேரம், அந்த இடத்தைப் பார்த்துக்கொண்டு நிற்க என்னால் முடியாது என்றும் அந்த நிமிடத்தில் தோன்றியது. தாவீதின் காலுக்காக இறங்கினேனா, அந்த இடத்திலிருந்து தப்பி ஓடினேனா? இரண்டும் ஒரே வாசல் வழியாகத்தான் என்னை வெளியே கொண்டுவந்தன. எது முன்னால் நடந்தது, எது பின்னால் வந்தது என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை. ஆண்டவரின் சத்தத்தை அடையாளம் காண்பது பற்றி ஒரு பருவம் முழுவதும் வகுப்பெடுத்தவன் நான்.

மலைக்குப் போய்ச் சேர்ந்தபோது மணி இரண்டரை. சிற்றாலயத்தில் ஞானமுத்து ஆறாம் வார்த்தையை வாசித்துக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் வாசிப்பது தடுமாறியது. நிறுத்த வேண்டாம் என்று கைகாட்டினேன். தாவீது கடைசியில், சுவரில் சாய்ந்து, காலை நீட்டியபடி தரையில் இருந்தார். நெற்றியைத் தொட்டேன்; காய்ச்சல் கொதித்தது. அருகில் குனிந்து, உடனே புறப்படுங்கள், ஜீப் நிற்கிறது என்றேன்.

அவர் தலையை ஆட்டினார். “மூணு மணி ஆவட்டுங்க. சாமி இன்னும் செலுவையில கீறாரு. நடுவுல எழுந்து போவக்கூடாது.”

நான் எழுந்து வந்ததை அவரிடம் சொல்லவில்லை. காய்ச்சலைப் பற்றிச் சொன்னேன்; விரல் போய்விடும் என்றேன். அரை மணி நேரத்தில் போகிற விரல் முன்பே போய்விட்டிருக்கும் என்று அவர் அமைதியாகச் சொன்னார். தூக்கிக்கொண்டு போகலாம் என்றால் நானும் ஓட்டுநரும் போதாது, இன்னும் இரண்டு பேர் வேண்டும். அங்கிருந்த ஒருவரும் அந்நேரம் எழ மாட்டார்கள். அங்கியை ஒதுக்கிக்கொண்டு அவர் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தேன். மூன்று மணிக்கு, ஆண்டவரின் வயதைக் குறித்து, முப்பத்துமூன்று முறை மணி அடித்தார்கள். அதன் பிறகு அவரே என் தோளைப் பிடித்து எழுந்தார்.

நான் விட்டுவந்தது தவறென்றால், அவர் விடாமல் இருந்தது சரியா? அவர் இருந்தது தவறென்றால், நான் பக்கத்தில் உட்கார்ந்து காத்திருந்தது என்ன? இந்தக் கணக்கை நான் பலமுறை போட்டுப் பார்த்துவிட்டேன்.

ஜீப்பில் பின்னிருக்கையில் காலை என் மடியில் தூக்கி வைத்துக்கொள்ளச் சொன்னேன். கூச்சப்பட்டார், பிறகு வைத்தார். கோமுகி அணையைத் தாண்டினோம். ஏன் பொங்கலிலிருந்து யாரிடமும் காட்டவில்லை என்று நான் கேட்டேன்.

“யாராண்ட காட்டறது? மாசாமாசம் அம்மா பாப்பாங்க. கண்ணாடியக் கழட்டிட்டு, கிட்டக்க வச்சிப் பாப்பாங்க. இன்னாடா தாவீது, செருப்பு வாங்குனியான்னு திட்டுவாங்க. அவங்க போயிட்டாங்க. அப்பறம் சாரு சொன்னாரு, ஐயா வர்றாரு, கால் கழுவப்போறாருன்னு. சரி, அம்மாக்கு பதிலா ஐயா பாக்க ஆரம்பிச்சிட்டாரு போலன்னு வந்து குந்திக்கினேன்.”

நான் வெளியே பார்த்தேன்.

“நீங்க பாத்தீங்க” என்றார் அவர். “ஒண்ணும் சொல்லாம அடுத்த ஆளாண்ட போயிட்டீங்க. அப்ப ஒண்ணும் இல்ல போலன்னு நானும் வூட்டுக்குப் போயிட்டேன்.”

குற்றம் சாட்டும் குரல் அல்ல. நடந்ததை வரிசையாகச் சொல்லும் குரல். அவரைப் பன்னிரண்டு பேரில் ஒருவராக நான் எண்ணியிருந்தேன். அவருக்கு அது ஆராதனையே அல்ல, சிகிச்சை வரிசை. அங்கி அணிந்து, தண்ணீர் ஊற்றி, அவருக்கு ஒன்றுமில்லை என்று சான்று கொடுத்து அனுப்பியிருக்கிறேன்.

முடிவை முன்னதாகவே சொல்லிவிடுகிறேன். உங்களை அதற்காகக் காக்க வைப்பது முறையல்ல. தாவீது உயிரோடு இருக்கிறார். வலது பாதத்தின் முன்பாதி இல்லை. தனியாகச் செய்து தந்த ரப்பர் செருப்பை மாட்டிக்கொண்டு, கோலூன்றித் தன் காட்டுக்குப் போய்வருகிறார். மூட்டை சுமக்க முடியாது. ஒரு நாள் முன்பே கொண்டுவந்திருந்தால் விரல்களோடு போயிருக்குமா என்று அறுவை மருத்துவரிடம் பிறகு கேட்டேன். போயிருக்கலாம், இப்படியே ஆகியுமிருக்கலாம், யாராலும் சொல்ல முடியாது என்றார். ஆம் என்றோ இல்லை என்றோ அவர் சொல்லியிருந்தால் எனக்கு உதவியாக இருந்திருக்கும்.

பீடத்தை விட்டுப் போனதைக் கண்டித்துச் சபையார் சிலர் பேராயருக்கு எழுதினார்கள். வேறு சிலர் பாராட்டி எழுதினார்கள். இரண்டுக்கும் விளக்கம் கேட்டு ஒரே கடிதம் வந்தது. மூன்று முறை எழுதிக் கிழித்துவிட்டு, தனிப்பட்ட காரணங்கள் என்று இரண்டு சொல்லில் அனுப்பினேன். வியாழக்கிழமை நான் செய்ததைக் கண்டித்து ஒருவரும் எழுதவில்லை. அதைத்தான் படமாக வைத்திருக்கிறார்கள்.

மீதி இருப்பது அந்த வெள்ளிக்கிழமை மாலை மட்டும்.

கள்ளக்குறிச்சி மருத்துவமனையில் சேர்த்தபோது மணி ஐந்து. இளம் மருத்துவர் ஒருவர் புண்ணைப் பார்த்துவிட்டு இரண்டு வழி சொன்னார். இப்போதே பாதத்தின் முன்பகுதியை எடுத்துவிடுவது ஒன்று. புண்ணைச் சுத்தம் செய்து, மருந்து ஏற்றி, நாளைவரை பார்ப்பது இன்னொன்று. அப்படிப் பொறுத்தால் இரண்டு விரலை மட்டும் இழந்து தப்பலாம். தப்பாவிட்டால் முழங்காலுக்குக் கீழே முழுவதும் எடுக்க வேண்டிவரும். எது என்று நோயாளி கையெழுத்திட்டுச் சொல்ல வேண்டும். அரை மணி நேரம் தருகிறேன் என்று போய்விட்டார்.

தாவீது தாளை என்னிடம் நீட்டினார். “நீங்க சொல்லுங்க ஐயா. நீங்க சொல்றது தான்.”

அந்தக் கட்டிலருகே நான் நின்ற நேரத்தை என்னால் அளந்து சொல்ல இயலாது. இத்தகைய வேளைக்கென்று நம்மிடம் சொற்கள் உண்டு. ஆண்டவர் வழிநடத்துவார் என்போம். ஜெபித்துவிட்டு முடிவெடுப்போம் என்போம். முந்தின நாள் அவர் என் மௌனத்தை ஒரு பதிலாக எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போனவர். இப்போது நான் எதைச் சொன்னாலும் அதன்படி கையெழுத்திடுவார்.

“எனக்குத் தெரியல தாவீது” என்றேன்.

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். “பிரசங்கத்துல அல்லாம் தெரிஞ்ச மாரி பேசுறீங்க?”

“ஆமாம்.”

“சரி, வுடுங்க.” தாளை வாங்கிக்கொண்டார். செவிலியர் வந்தபோது, ஆடி விதைப்புக்குள் எழுந்து நிற்க எது தோது என்று அவரிடம் கேட்டார். முன்பகுதியை எடுத்துவிட்டால் ஆறும்வரை பொறுத்து நிற்கலாம், முழங்கால்வரை எடுக்க நேர்ந்தால் சொல்ல முடியாது என்றார் செவிலியர். தாவீது எழுத்துக் கூட்டித் தன் பெயரை எழுதினார். என்னைவிடக் குறைந்த நேரத்தில் முடித்துவிட்டார்.

நான் ஜெபிக்கலாமா என்று கேட்டேன்.

“ஜெபம் அப்பறம் பண்ணிக்கலாம் ஐயா. எம் பொண்ணு சேலத்துல மில்லுல கீது. அதுக்கு ஒரு போனப் போட்டு சொல்லிடுங்க. எனக்கு சொல்ல வாய் வரல. நீங்க பேசுனா தைரியமா இருக்கும்.”

என் மனைவி இறந்தபோது எங்கள் மகனுக்கு நான் தெரிவிக்கவில்லை. சபைச் செயலாளர்தான் சொன்னார். நான் அறையில் கதவைச் சாத்திக்கொண்டு இருந்தேன். இதை இதற்கு முன் யாரிடமும் சொன்னதில்லை.

தாவீது எண்ணைச் சொல்லச் சொல்ல நான் அழுத்தினேன். தாழ்வாரத்துக்குப் போகத் திரும்பினேன். அவர் என் அங்கியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு, இங்கேயே பேசுங்கள், எனக்குக் கேட்க வேண்டும் என்றார். கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்தேன். மறுமுனையில் தறிகளின் இரைச்சல். அதற்கு மேல் ஒரு பெண்ணின் குரல்.

“அலோ, யாருங்க பேசறது?”

முப்பது ஆண்டுகளாக எனக்கு அந்தக் கேள்விக்கு ஒரே பதில்தான். பட்டத்தோடு சேர்த்துப் பெயரைச் சொல்வேன். பிறகு ஊர், பணியிடம். வாயைத் திறந்தேன். தாவீது என்னையே பார்த்துக்கொண்டிருந்தார், முந்தின நாள் பார்த்த அதே பார்வை. அதில் பக்தி ஒன்றும் இல்லை என்பது இப்போது எனக்குத் தெரிந்திருந்தது.

“உங்க அப்பா பக்கத்துல உக்காந்திருக்கேம்மா” என்றேன். “அவருக்குக் கால்ல ஒரு புண்ணு. நான் பார்த்தேன். பார்த்துட்டு நேத்தே சொல்லாம விட்டுட்டேன். இப்ப சொல்றேன், கேளும்மா.”